ஊர்ப்படமும் உள்ளத்துப் படமும்



யோர்தான் ஆற்றைக் கடந்து, வாக்களிக்கப்பட்ட நாட்டில் காலெடுத்து வைத்த இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் உடனே இட்ட கட்டளை யாது? கோட்டை எழுப்புங்கள் என்பதன்று. நிலத்தைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள் என்பதும் அன்று. ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கரையிலே நாட்டச் சொன்னார். பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு, இவை ஏன் இங்கு நிற்கின்றன என்று வினவும்போது, தந்தையர் தாங்கள் கடந்துவந்த கதையை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் (யோசுவா 4). இதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். வினா பிள்ளையுடையது, விடை பெற்றோருடையது, இவ்விரண்டையும் இணைப்பது ஒரு கல்.

நம் ஊர்களில் அத்தகைய கற்களுக்குக் குறைவில்லை. ஊர் முகப்பில் குருசடி நிற்கிறது. பாதையோரத்தில், கருவுற்ற நிலையில் இறந்த ஒரு பெண்ணின் நினைவாக யாரோ எழுப்பிய சுமைதாங்கிக் கல் நிற்கிறது. கொடிமரம், தேர்க் கொட்டகை, தூர்ந்துபோன பழங்கிணறு, ஆலமரத்தடிச் சாவடி, கல்லறைத் தோட்டம் என்று ஒவ்வொன்றும் வாய் திறவாமல் ஒரு கதையை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் கேட்கிறார்களா? கேட்டால் நாம் சொல்கிறோமா? உலகத்தின் எந்த மூலையையும் கைப்பேசியில் விரலால் தொட்டுக் காணும் சிறுவனுக்கு, தன் வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளியிருக்கும் கிணற்றில் எழுபது ஆண்டுகளுக்கு முன் யார் நீர் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று இருந்த வழக்கம் தெரியாது. தெரியாதது அவன் குற்றமன்று. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆகவே இம்மாதம், பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைக் காட்டுவது எப்படி என்பதைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம். இது பூகோளப் பாடமன்றோ, பங்குக் குருவுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஞானோபதேசத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு போகப் போக விளங்கும்.

மலையில் தொடங்கிய அளவை

நம் நாட்டின் வரைபட வரலாறு, கிறிஸ்தவர்களாகிய நாம் நன்கறிந்த ஓர் இடத்தின் அருகே தொடங்குகிறது. அதுவே சென்னையிலுள்ள பரங்கிமலை எனும் புனித தோமையார் மலை. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, அம்மலையினருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக, இமயம்வரை இந்நாட்டை அளந்தார்கள். மலையில்லாத சோழநாட்டுச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவர்களுக்கு மலைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமுற்றது என்பது வரலாறு.

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆவலோடு கேட்பார்கள். சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லுங்கள். அளப்பவன் கோபுரத்தின்மேல் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை யாவும் தெரியும். ஆனால் எதனைக் குறித்துக்கொள்வது, எதனை விட்டுவிடுவது என்பதை அவனே தீர்மானிக்கிறான். வரைபடம் என்பது ஊரின் நிழற்படமன்று. ஒருவர் ஊரைப் பார்த்த பார்வையே அது. வெள்ளையர் காலத்து வருவாய்த் துறை ஆவணங்களில் மக்கள் குடியிருக்கும் நிலம் 'ஊர் நத்தம்' என்றும் 'சேரி நத்தம்' என்றும் இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டது. ஒரே கிராமம், ஒரே மண், ஒரே மழை. ஆயினும் தாளில் எழுதும்போதே ஒரு பகுதி ஊர் ஆயிற்று. மற்றது ஊர் ஆகவில்லை.

இன்றும் அப்பிரிவு சொற்களில் தங்கியிருக்கிறது. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குமாறு தமிழக அரசு 1978இலேயே ஆணையிட்டது. 'காலனி' என்ற சொல் ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதியைக் குறிக்கும் இழிசொல்லாக மாறிவிட்டதால், அது அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பலகையிலிருந்து ஒரு சொல்லை அழிப்பது அரசால் ஆகும். பிள்ளையின் மனத்தில் வரைந்திருக்கும் படத்தைத் திருத்துவது பெற்றோரால் மட்டுமே ஆகும்.

பிள்ளைகள் வரைந்த படங்கள்

கோடை விடுமுறையில் நடைபெற்ற மறைக்கல்வி வகுப்பில், பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ஒருவர் படத்தை ஒருவர் பாராமல், தத்தம் ஊரை வரையச் சொன்னோம். வேறெந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை.

கோயில் தெருப் பிள்ளைகளின் படங்கள் அழகாக இருந்தன. கோயிலின் இரட்டைக் கோபுரம், பள்ளிக்கூடம், நீர்த்தேக்கத் தொட்டி, நியாய விலைக் கடை, பேருந்து நிறுத்தம், தேநீர்க் கடை, அதன் வாயிலில் படுத்திருக்கும் நாய்வரை அவற்றில் இருந்தன. வாய்க்கால் பாலத்தோடு படம் முடிந்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் சிலர் வெறுமையாக விட்டிருந்தனர். சிலர் பச்சை வண்ணம் தீட்டி 'வயல்' என்று எழுதியிருந்தனர். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. பங்கின் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவர்கள்.

பாலத்துக்கு அப்பாலுள்ள பிள்ளைகளின் படங்களைப் பார்த்தபோதுதான் நாம் வியந்தோம். அவற்றில் அவர்கள் தெருவும் இருந்தது. கோயில் தெருவும் இருந்தது. கோயில் தெருவின் வீடுகள் ஒன்றுகூட விடுபடவில்லை. எந்த வீட்டின் கொல்லைப்புறம் எந்தச் சந்தில் திறக்கிறது என்பதும், எந்த வீட்டில் மாடு இருக்கிறது என்பதும் அவற்றில் காணப்பட்டன. எப்படித் தெரியும் என்று ஒரு சிறுமியை வினவியபோது, "எங்கம்மா அங்கதான் சாமி வேலைக்குப் போவாங்க, லீவு நாள்ல நானும் கூடப் போவேன்" என்றாள்.

பெற்றோர்களே, இதில் அடங்கியுள்ள உண்மையைச் சிந்தியுங்கள். வசதியுள்ள பிள்ளை தன் ஊரில் பாதியை மட்டுமே அறிந்திருக்கிறது. ஏழைப் பிள்ளையோ முழு ஊரையும் அறிந்திருக்கிறது, அதுவும் பின்வாசல் வழியாக. முதற் பிள்ளைக்கு அறிவுக் குறை. இரண்டாவது பிள்ளைக்கு அறிவுக்குக் குறைவில்லை, முன்வாசல்தான் இல்லை.

ஆண்டவர் சொன்ன செல்வந்தன்–இலாசர் உவமையை (லூக்கா 16) இந்தப் படங்களோடு வைத்துப் பாருங்கள். அச்செல்வந்தன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு சொல்லும் அதில் இல்லை. தன் வாயிற்படியில் கிடந்தவனை அவன் காணவில்லை; அவன் வரைந்த படத்தில் இலாசர் இல்லை. இலாசருக்கோ செல்வந்தனுடைய மேசையிலிருந்து விழும் துணுக்குகள்வரை தெரியும். கதையின் இறுதியில் இருவருக்குமிடையே கடக்கவொண்ணாப் பெரும் பிளவு ஒன்று காணப்படுகிறது. அது மறுவுலகில் புதிதாக வெட்டப்பட்டதா? அன்று. இவ்வுலகில் அவன் திறவாமல் வைத்திருந்த வாயிற்கதவே அங்கே பிளவாயிற்று.

ஒரு தந்தையின் கேள்வி

வகுப்பு முடிந்த மறுநாள் மாலை, நல்ல கிறிஸ்தவரும் நாள்தோறும் திருப்பலிக்கு வருபவருமான ஒரு தந்தை நம்மைக் காண வந்தார். தயக்கத்தோடுதான் பேசினார்: "சாமி, தப்பா நினைக்கக் கூடாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாதி கீதி ஒண்ணும் தெரியாது. ஒண்ணாப் படிக்குதுங்க, ஒண்ணா விளையாடுதுங்க. தெரியாத பிள்ளைகளுக்கு நாமே எதுக்குச் சாமி சொல்லிக் கொடுக்கணும்? பழசைக் கிளறினா புண்ணுதானே?"

இக்கேள்வி நேர்மையானது; பல பெற்றோரின் உள்ளத்தில் இருப்பது. ஆகவே இதற்கு நேர்மையாகவே விடை கூற வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது உண்மையன்று. நாம் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. எந்த வீட்டில் திண்ணையோடு நிற்க வேண்டும், எந்த வீட்டில் அடுக்களைவரை ஓடலாம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையே அறியும். வயலில் வேலை செய்யும் எழுபது வயது முதியவரைத் தன் தந்தை 'வா', 'போ' என்று அழைப்பதையும், அம்முதியவர் தன்னையே 'தம்பி, வாங்க' என்று அழைப்பதையும் பத்து வயதுச் சிறுவன் நாள்தோறும் கேட்கிறான். அது பாடமன்றோ? எந்தத் தெருவுக்குத் தேர் போகிறது, எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதை ஆண்டுதோறும் திருவிழாவில் காண்கிறான். அதுவும் பாடமன்றோ? சொல்லாமல் கற்பித்த பாடத்தைச் சொல்லித்தான் திருத்த இயலும். மௌனத்தால் அதனை உறுதிப்படுத்தத்தான் இயலும்.

புண்ணைக் கிளறுவதா என்பது அடுத்த வினா. மூடி வைத்த புண் ஆறியதா, புரையோடியதா என்பதை 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்த கொடுமை காட்டியது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க முயன்ற அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளி மாணவரிடையே சாதி வேற்றுமையைக் களைய வழிகூறுமாறு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஒன்றாகப் படிப்பதும் ஒன்றாக விளையாடுவதும் போதுமென்றால், அந்தக் கயிறுகள் எங்கிருந்து வந்தன?

அத்தந்தையிடம் நாம் இதனை எடுத்துரைத்தோம். அவர் உடனே உடன்பட்டார் என்று கூற மாட்டோம். ஆனால் போகும்போது, "எம் மகன் வரைஞ்ச படத்தைக் கொஞ்சம் காட்டுங்க சாமி" என்று கேட்டு வாங்கி, பாலத்தோடு முடிந்திருந்த அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடக்கன்குளம் சொல்லும் பாடம்

கோயில்களைக் காட்டும்போது கட்டியவர் பெயரையும் கோபுரத்தின் உயரத்தையும் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையை முழுமையாகச் சொல்ல நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் நமக்கு ஒரு வாய்ப்பளிக்கிறது.

அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டபோது, இரு வேறு சாதியார் ஒருவரோடொருவர் கலவாமல் வழிபடும் பொருட்டு, பீடத்திலிருந்து இரு கால்களாகப் பிரியும் இரண்டு மண்டபங்களாக அமைக்கப்பட்டது. ஒரே பீடம், ஒரே திருப்பலி, ஒரே நற்கருணை. ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைக் காண இயலாது. பீடத்தில் நின்ற குருவுக்கு மட்டுமே இரு பக்கமும் தெரியும். 1910இல் பங்குக் குருவாயிருந்த கௌசானல் அடிகளார் அப்பிரிவினையை அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடுத்தார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான், 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், திருவிதாங்கூர் அரசின் அதிகாரியாயிருந்த நட்டாலம் நீலகண்டர், புத்தாரி அடிகளாரின் கையால் திருமுழுக்குப் பெற்று 'தேவசகாயம்' ஆனார். கிறிஸ்துவுக்குள் உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை என்பதை வாழ்ந்து காட்டிய அவர், 1749இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயர் விடப்பட்டது. தேவசகாயம் என்பது இலாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கமே. செல்வந்தனின் வாயிலில் கிடந்த அந்த ஏழையின் பெயரே நம் மறைசாட்சியின் பெயரும் ஆகும்.

ஒரே ஊரில் இரண்டு உண்மைகள் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாதியைத் துறந்து ஒருவர் திருமுழுக்குப் பெற்ற அவ்வூரிலேயே, நூறாண்டுக்கு மேல் கழித்துச் சாதிக்காக ஒரு கோயில் பிளந்து கட்டப்பட்டது. பிளந்ததைப் பிறகு ஒரு குரு ஒன்றாக்கினார். மனிதர் கட்டிய சுவர் மனிதரால் இடிக்கப்படக் கூடியது என்பதே இதிலுள்ள நற்செய்தி. இதனைக் கற்ற பிள்ளை தன் ஊரில் ஒரு சுவரைக் கண்டால், 'இது எப்போதும் இப்படித்தான்' என்று நினையாது.

எல்லைக் கல்லும் ஏழையின் நிலமும்

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு, நிலத்தின் கதையையும் சொல்ல வேண்டும். அயலானின் எல்லைக் கல்லை நகர்த்துவதை மோசேயின் சட்டம் தடைசெய்கிறது (இணைச்சட்டம் 19:14). அநாதைகளின் வயலில் கைவைப்பதை நீதிமொழிகள் கண்டிக்கிறது (23:10). வயற்காட்டில் கிடக்கும் சர்வே கல்லை ஒருநாள் மகனுக்குக் காட்டி இதனைச் சொல்லுங்கள். ஏழாம் கட்டளை அவனுக்கு வாழ்நாள் முழுவதும் மறவாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமன்கீர் என்பவர், ஒடுக்கப்பட்ட மக்கள் சொந்த நிலமின்றிப் படும் துயரை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892 முதல் அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றின் பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பர். பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று உரியவர் கையில் இல்லை. அவற்றை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்தனர். நாபோத்தின் கதையை நினைவுகூருங்கள் (1 அரசர் 21). ஈசபேல் முதலில் எடுத்தது கல்லையன்று. அரசனின் முத்திரையிட்ட மடலை. நாபோத்து கல்லால் கொல்லப்படுமுன், எழுத்தால் கொல்லப்பட்டான். ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதன் பின்னால் நிற்கும் மனிதரையும் காணக் கற்பிப்பது நம் கடன்.

வேளாங்கண்ணித் திருத்தலத்துக்குக் குடும்பத்தோடு செல்கிறீர்கள். அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, உலகமெங்கும் பாலன் இயேசுவின் பிறப்பு கொண்டாடப்பட்ட அதே இரவில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளரின் குடும்பத்தினர் 44 பேர், அவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டனர். சத்திரத்தில் இடமின்றிப் பிறந்த பாலனைத் தொழும் நாம், குடிசையில் எரிந்த அக்குழந்தைகளின் நினைவிடம் எங்குள்ளது என்பதை நம் பதினாறு வயது மகனுக்குக் காட்டலாகாதா? சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அச்சம் கற்பிப்பது நம் நோக்கமன்று. வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள்.

நல்லவற்றையும் காட்டுங்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்தைப் போன்றவை, பல சாதியாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் வண்ணம் தாளில் வரையப்பட்டு, பிறகு தரையில் எழுந்த ஊர்கள். படம் பிரிக்கவும் வல்லது, சேர்க்கவும் வல்லது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. எனவே பள்ளிக்கூடம் செய்யட்டும் என்று காத்திராமல், இம்மாதத்தில் நீங்களே செய்யத்தக்க சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது: ஞாயிறு மாலையில் பிள்ளையோடு ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். வண்டியில் அன்று, கால்நடையாக. பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். அப்பாலுள்ள ஒரு வீட்டில் அமர்ந்து, கொடுக்கும் தண்ணீரை வாங்கிப் பருகுங்கள். ஆயிரம் அறிவுரை செய்யாததை அந்த ஒரு குவளை செய்யும்.

இரண்டாவது: வந்தபின் ஊரை வரையச் சொல்லுங்கள். ஞாயிறு எழும் திசையைக் கொண்டு வடக்கைக் குறிக்கட்டும். தூரத்தைக் காலடியால் அளக்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இருநூறு எட்டு நூறு மீட்டருக்கு அண்மையாக வரும். தாளில் ஐம்பது எட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது சில கணக்குகளைக் கேளுங்கள். உன் வீட்டிலிருந்து குடிநீர்க் குழாய்க்கு எத்தனை எட்டு? பாலத்துக்கு அப்பாலுள்ள உன் வகுப்புத் தோழிக்கு எத்தனை எட்டு? தெருவிளக்குக்கு? பேருந்துக்கு? மருத்துவமனைக்கு? சமூக நீதி என்ற பெரிய சொல்லின் பொருளைப் பிள்ளை தன் காலாலேயே அறிந்துகொள்ளும்.

மூன்றாவது: ஊரின் முதியோர் இருவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். இருவரும் ஒரே தெருவினராயிருத்தல் ஆகாது. இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவர் யார்? குளம் வெட்டியவர் யார்? கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவர் நன்கொடையாளர்; பொறிக்கப்படாதவர் யார்? அவர்கள் சொல்வதைப் பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பேசும்போது முதியவரை 'ஐயா', 'தாத்தா', 'அம்மாச்சி' என்று மரியாதையோடு அழைக்கட்டும். இம்மரியாதை எல்லாத் தெருவுக்கும் ஒன்றே.

நான்காவது: எச்சரிக்கை இரண்டு. ஏழைப் பிள்ளையை நிறுத்திவைத்து, 'பாருங்கள், இவர்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்' என்று காட்சிப் பொருளாக்காதீர்கள்; அது உதவியன்று, அவமதிப்பு. அதுபோலவே, மேல்தெருப் பிள்ளையின் தலையில் முன்னோரின் பாவத்தைச் சுமத்தாதீர்கள். சுவரை அப்பிள்ளை கட்டவில்லை. ஆனால் வளர்ந்தபின் அச்சுவரைக் காத்து நிற்குமாயின், அன்று முதல் கட்டியவரோடு அதுவும் ஒருவராகும். இதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எழுந்த கேள்வி

அக்கோடை வகுப்பில் ஒரு சிறுமி தன் படத்தில் கல்லறைத் தோட்டத்தை வரைந்து, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தாள். இது என்ன என்று கேட்டோம். முள்வேலி என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "செத்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடுவாங்களா சாமி?"

அவ்வேலி இன்னும் அங்கே நிற்கிறது. அதனை அகற்றுவது குறித்துப் பங்குப் பேரவையில் பேச்சு நடக்கிறது; இருமுறை கூடியும் முடிவு எட்டப்படவில்லை. கிறிஸ்தவர்களிடையே சாதியின் சாயலைக்கூட ஏற்கலாகாது என்று 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் உரைத்தார். கோயிலிலும் கல்லறையிலும் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதனை ஒழிக்கக் கடமைப்பட்டுள்ளோம் என்று 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. ஆவணங்கள் போதுமான அளவு உள்ளன. இனி வேண்டுவது வேலியைப் பிடுங்கும் கைகள்.

நவம்பர் 2ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூர்கிறோம். அன்று மாலை பூவும் மெழுகுதிரியும் ஏந்தி, பிள்ளைகளோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருவீர்கள். உங்கள் வீட்டாரின் கல்லறையில் ஒரு திரியை ஏற்றியபின், இன்னொரு திரியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வேலிக்கு அப்பால் ஏற்ற அழைத்துச் செல்லுங்கள். வேலி ஏன் என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அன்று யோர்தான் கரையில் தந்தையர் வாயில் ஆண்டவர் வைத்த கடமை, இன்று உங்கள் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். பிறகு, இதனை மாற்றுவதற்கு அப்பா என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொல்லுங்கள். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டம் அதற்கடுத்த ஞாயிறன்று.

ஊரைப் படைத்து, அதில் நம் அனைவருக்கும் ஒரே தந்தையாயிருக்கும் இறைவன், உங்கள் இல்லங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.